ஃபோல்ட்ஸ்கோப் பேப்பர் மைக்ரோஸ்கோப்: ஒரு லேப் டெக்னீஷியன் ரிவ்யூ, கூடவே ரொனால்ட் ராஸ் கதை

முடிவ முதல்லயே சொல்லிடறேன், நெறய பேரு அதுக்குத்தான் ரிவ்யூ பக்கமே வருவாங்க. ஃபோல்ட்ஸ்கோப் தாராளமா வாங்கலாம். ஆனா ரத்தத்துல மலேரியா கிருமி பாக்கலாம்னு நெனச்சு வாங்காதீங்க, கொசு பாக்க வாங்குங்க. ஏன் அப்படி சொல்றேன்னா அதுக்கு, மலேரியா கொசு வழியா பரவுதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ்ங்கற டாக்டரோட கதையும் கொஞ்சம் சொல்லணும், அதனால இந்த ரிவ்யூ நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

நான் லேப் டெக்னீஷியன். காய்ச்சல்னு வர்றவங்க விரல்ல குத்தி சிலைடு போட்டு, ஜேஎஸ்பி ஸ்டெயின்ல (கிருமி தெரியறதுக்கான சாயம்) முக்கி, ஆயில் விட்டு பாக்கறதுதான் தினசரி வேலை. எங்க அக்கா பொண்ணு எட்டாவது படிக்கறா, "மாமா நீங்க பாக்கறத நானும் பாக்கணும்"னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தா. ஆஸ்பத்திரி மைக்ரோஸ்கோப்ப வீட்டுக்கு தூக்கிட்டு வர முடியாதுல்ல, அதான் அவளுக்குன்னு இத ஆர்டர் பண்ணேன்.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. மீரட்ல பொறந்த மனு பிரகாஷ், அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில புரொஃபசர், அவரும் அவர்கிட்ட ஆராய்ச்சி மாணவரா இருந்த ஜிம் சிபுல்ஸ்கியும் சேந்து செஞ்சது. 2014ல இதப்பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. கிழியாத, தண்ணி பட்டாலும் ஊறாத பேப்பர்ல அச்சடிச்சு வெட்டின துண்டுங்க, நாமளே பிரிச்சு மடிச்சு சொருகிக்கணும். லென்ஸ்னு பாத்தா கடுகளவு கண்ணாடி உருண்டை ஒண்ணுதான். அதுவே 140 மடங்கு பெருசாக்கி காட்டும், ரெண்டு மைக்ரான் வரைக்கும் பிரிச்சு காட்டும்னு இந்த கிட்டுக்கு சொல்லியிருக்காங்க. ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. இத தயாரிக்கற பொருள் செலவு ஒரு டாலருக்குள்ளன்னு கணக்கு போட்டிருந்தாங்க, நம்ம கைக்கு வர்ற கிட்ல லைட்டு, டப்பா, சிலைடு எல்லாம் சேரும்போது வெலை கூடத்தான் செய்யும்.

மடிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல, ஆனா அவசரப்பட்டா ஆகாது. எந்த துண்டு எதுல சொருகணும்னு கலர் கொடுத்திருக்காங்க, படம் போட்ட தாளும் இருக்கு. பாப்பாவே மடிச்சா, நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன், அவ்வளவுதான். லென்ஸ் வைக்கற எடத்துல மட்டும் விரல் படாம பாத்துக்கணும், எண்ணெய் பிசுக்கு பட்டுச்சுன்னா படம் பூராவும் மங்கிடும். ஃபோகஸ் பண்ண திருகு கெடையாது, ரெண்டு கட்டை விரலால பேப்பர லேசா தள்ளணும் இழுக்கணும். ஆஸ்பத்திரில ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட் திருகியே பழகின எனக்கு இது மொதல்ல பிடிபடவே இல்ல, பாப்பாவுக்கு ஒடனே வந்துடுச்சு.

சரி, ரத்தத்துக்கு வருவோம். ஸ்டெயின் பண்ண ஒரு தின் ஸ்மியர் சிலைடு (ரத்தத்த மெல்லிசா இழுத்துப் பூசினது, பழைய டீச்சிங் சிலைடு, மேல கவர் ஸ்லிப் ஒட்டினது) வச்சு பாத்தேன். சிவப்பணு தெரியுது, ஏழெட்டு மைக்ரான் இருக்கற வட்டம் வட்டமா நெறய. வெள்ளையணுவும் கருநீலமா தனியா தெரியும். ஆனா மலேரியா கிருமிய இதுல பாத்து ரிப்போர்ட் எழுத முடியுமான்னா முடியவே முடியாது. ஃபால்சிபாரம் (மலேரியா கிருமில ஒரு வகை) ரிங்குன்னு நாங்க சொல்றது சிவப்பணுவுக்குள்ள ஒரு ஓரமா மெல்லிசா மோதிரம் மாதிரி இருக்கும், அந்த கோடு ரெண்டு மைக்ரானுக்கும் கீழ. அதுக்கு நூறு மடங்கு ஆப்ஜெக்டிவ், ஆயில், பத்து மடங்கு ஐபீஸ், ஆக மொத்தம் ஆயிரம் மடங்கு வேணும். அப்பவும் திக் ஸ்மியர்ல (ரத்தத்த கெட்டியா வச்ச சிலைடு) நூறு ஃபீல்டு, அதாவது லென்ஸ்ல ஒரு தடவ தெரியற வட்டம் நூறு, பாத்து முடிக்காம நெகட்டிவ்னு எழுதக்கூடாது. "மலேரியா கண்டுபிடிக்கும் பேப்பர் மைக்ரோஸ்கோப்"னு எவனாவது விளம்பரம் போட்டு வித்தா நம்பாதீங்க, வீட்டுல யாருக்காவது குளிர் காய்ச்சல் வந்தா நேரா பிஹெச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) போயி சிலைடு எடுத்துக்கங்க, காசு கெடையாது.

இத பாப்பாகிட்ட சொன்னப்போ அவ மொகம் வாடிப்போச்சு. அப்பதான் அவளுக்கு ராஸ் கதைய சொன்னேன். எங்க ட்ரெயினிங்ல அவர் பேர ஒரு வரில சொல்லி முடிச்சுடுவாங்க, ஆகஸ்ட் 20 கொசு தினம், நோபல் பரிசு, அடுத்த பாடம். முழு கதைய நான் அப்புறமா தேடித்தேடி படிச்சது, அதுக்கப்புறம் என் வேலை மேலயே எனக்கு ஒரு மரியாதை வந்துச்சு.

ராஸ் பொறந்தது 1857ல, நம்ம இமயமலைப் பக்கம் அல்மோராவுல, அப்பா பிரிட்டிஷ் ராணுவத்துல ஜெனரல். பையனுக்கு டாக்டர் படிப்புல துளி ஆசை இல்ல, கவிதை, பாட்டு, ஓவியம், கணக்குன்னு இருந்த ஆளு, அப்பா கட்டாயப்படுத்தி லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரில சேத்துவிட்டாரு. ஒரு பரீட்சைல ஃபெயிலாகி, கப்பல்ல டாக்டரா வேலை பாத்துகிட்டே மறுபடி எழுதி பாஸ் பண்ணி, 1881ல இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல சேந்து மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தாரு. அப்புறம் பெங்களூர், பர்மா, அந்தமான்னு போஸ்டிங். பெங்களூர்ல பங்களா ஜன்னலுக்கு வெளிய ஒரு தொட்டித் தண்ணில கொசு பொறந்துட்டு இருந்ததப் பாத்து கவுத்துவிட்டாராம், வீட்டுல கொசு கொறஞ்சுபோச்சாம். 1883ல! மலேரியாவுக்கும் கொசுவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அப்ப அவருக்கே தெரியாது.

மலேரியா கிருமிய ரத்தத்துல மொதல்ல பாத்தவரு லாவெரான்ங்கற பிரெஞ்சு ராணுவ டாக்டர், அல்ஜீரியாவுல, 1880 நவம்பர்ல. ராஸ் ரொம்ப காலம் அத நம்பவே இல்ல, இங்க இவர் போட்ட சிலைடுல அது தெரியவே மாட்டேங்குது. 1894ல லீவுல லண்டன் போனப்போ பாட்ரிக் மேன்சன்னு ஒருத்தர் (யானைக்கால் புழு கொசுவுக்குள்ள வளருதுன்னு 1877லயே சீனாவுல கண்டுபிடிச்ச மனுஷன்) தன்னோட மைக்ரோஸ்கோப்ல கிருமிய கண்ணாலயே காட்டிட்டாரு. இதுவும் கொசுவுக்குள்ளதான் போகுதுன்னு என் யூகம், நீ இந்தியா போயி பாருன்னு அனுப்பி வச்சாரு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம், கத்துக்கற எடம் இதுதான். புக்குல எத்தனை தடவ படிச்சாலும் ரிங்கு இப்படி இருக்கும்னு கண்ணுக்கு பதியாது, சீனியர் ஒருத்தர் பக்கத்துல நின்னு "பாரு, இதுதான்"னு பாயின்டர வச்சு காட்டினா அன்னைலருந்து வாழ்நாள் பூரா மறக்காது.

1895ல செகந்திராபாத் வந்து ராஸ் ஆரம்பிச்ச வேலை இருக்கே, படிச்சா மலைப்பா இருக்கும். மலேரியா நோயாளிய கொசுவலைக்குள்ள படுக்க வச்சு, தான் வளர்த்த கொசுங்கள உள்ள விட்டு கடிக்க வச்சு, ரத்தம் குடிச்ச ஒவ்வொரு கொசுவையும் புடிச்சு, ஊசி முனையால பிரிச்சு, வயித்த எடுத்து மைக்ரோஸ்கோப்ல ஒரு ஓரத்துலருந்து மறு ஓரம் வரைக்கும் பாக்கணும். செகந்திராபாத் வெயில்ல பங்கா (கூரையில தொங்கற துணி விசிறி) இழுக்கவும் விடமாட்டாரு, காத்துல கொசு பறந்துடும்னு. நெத்தி வேர்வையும் கை வேர்வையும் பட்டு மைக்ரோஸ்கோப் திருகெல்லாம் துரு பிடிச்சுடுச்சுன்னும், கடைசியா மிச்சமிருந்த ஐபீஸும் விரிசல் விட்டுடுச்சுன்னும் அவரே எழுதியிருக்காரு. அதுலயும் கெடச்சது ஒண்ணுமில்ல. நடுவுல பெங்களூர்ல காலரா டியூட்டி வேற போட்டு இழுத்துவிட்டாங்க.

ஒண்ணும் கெடைக்காததுக்கு காரணம் லென்ஸ் இல்ல, இத கவனிங்க. அவர் அறுத்துப் பாத்த கொசு எல்லாம் தப்பான கொசு. வீட்டுல சாதாரணமா கெடைக்கற சாம்பல் கலர் க்யூலெக்ஸ், வரி போட்ட ஏடிஸ், இதுங்களுக்குள்ள மனுஷ மலேரியா வளரவே வளராது. எவ்வளவு பவர் உள்ள மைக்ரோஸ்கோப்ப கொடுத்திருந்தாலும் அதுல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

இங்க நம்ம ஊரு வருது. 1897 ஏப்ரல்ல லீவ் போட்டு ஊட்டி வந்தாரு, அங்கயும் சும்மா இருக்காம மலேரியா நெறய இருக்கற சீகூர் பள்ளத்தாக்குக்கு எறங்கிப் போனாரு. ஊட்டிலருந்து கல்லட்டி வழியா மசினகுடி போறவங்களுக்கு அந்த எடம் தெரியும். போன வேகத்துல அவருக்கே மலேரியா வந்துடுச்சு. அதே சீகூர்லதான் செவுத்துல ஒரு கொசு வால்பக்கத்த தூக்கிகிட்டு வித்தியாசமா உக்காந்திருக்கறதையும் பாத்தாரு, றெக்கைல புள்ளி புள்ளியா இருந்துச்சு. இப்ப நாங்க அனாஃபிலிஸ்னு சொல்றோமே, அது.

ஜூன்ல செகந்திராபாத் திரும்பினாரு. ஆகஸ்ட் நடுவுல, கொசுப்புழு புடிச்சுட்டு வர்ற அவரோட ஆளு ஒரு பாட்டில்ல புழு கொண்டு வந்து கொடுக்க, அது பொரிச்சு வந்ததுல பாத்தா றெக்கைல புள்ளி வச்ச கொசு! ஹுசைன் கான்னு ஒரு நோயாளி, ஒரு கொசு கடிச்சா ஒரு அணா கூலி, பத்து கொசு கடிச்சு பத்து அணா வாங்கினாரு. அதுங்கள ஒவ்வொண்ணா அறுத்துகிட்டே வந்து, ஆகஸ்ட் 20ஆம் தேதி, கையில மிச்சம் கொஞ்சமே கொஞ்சம் இருக்கறப்போ, ஒரு கொசுவோட வயித்துச் செவுத்துல 12 மைக்ரான் அளவுல ஒரு வட்டம், அதுக்குள்ள கருப்பு பொடி. அந்த கருப்பு பொடி மலேரியா ரத்தத்துல மட்டும் பாக்கற பிக்மென்ட், கொசு வயித்துல அதுக்கு வேலையே இல்ல. மறுநாள் கடைசி கொசுவ அறுத்தா அதே வட்டம், இன்னும் பெருசா. அப்ப உள்ள வளருது! எனக்கு 20ஆம் தேதிய விட 21ஆம் தேதிதான் பெருசாத் தெரியும். ஒரு தடவ பாத்தது அழுக்கா இருக்கலாம், ஸ்டெயின் திப்பியா இருக்கலாம், ஒரு நாள் கழிச்சு வளந்திருந்தா அது உசுருள்ளதுன்னு அர்த்தம்.

இப்ப ப்ராடக்டுக்கு வாங்க. ரெண்டு வருஷமா ராஸ முட்ட வச்சது எந்த கொசுங்கற கேள்வி, அந்த கேள்விக்கு பதில் சொல்ல 140 மடங்கு தாராளம். இந்த பேப்பர் மைக்ரோஸ்கோப் அந்த வேலைய ரொம்ப அழகா செய்யுது.

செத்த கொசு ஒண்ண எடுத்து றெக்கைய மட்டும் பிச்சு, செல்லோடேப்ல ஒட்டி உள்ள சொருகிப் பாருங்க. றெக்கை நரம்பு மேல பூராவும் சின்னச்சின்ன செதில் அடுக்கி இருக்கும், ஓரத்துல ஜாலர் மாதிரி முடி. க்யூலெக்ஸ்னா செதில் பூராவும் ஒரே மங்கல் கலர். நம்ம பக்கம் மலேரியா பரப்பற அனாஃபிலிஸ்னா முன் ஓரத்துல கருப்பு செதில் கொஞ்ச தூரம், வெள்ளை செதில் கொஞ்ச தூரம்னு மாறி மாறி வரும், அதுதான் வெறுங்கண்ணுக்கு புள்ளியா தெரியறது. தலையப் பாத்தீங்கன்னா பொம்பளை அனாஃபிலிஸுக்கு கடிக்கற குழாய்க்கு ரெண்டு பக்கமும் அதே நீளத்துக்கு பால்ப்புன்னு ரெண்டு நீட்சி (ஆன்டெனா இல்ல, அது வேற) இருக்கும், மத்ததுக்கு அது குட்டையா இருக்கும். பாப்பா ஒரு றெக்கைய வச்சுகிட்டு அரை மணி நேரம் கண்ண எடுக்கல, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டுட்டா.

அதவிட சூப்பர் கொசுப்புழு. ஒரு சொட்டு தண்ணியோட உசுரோட சிலைடுல விட்டு, மேல கவர் ஸ்லிப் வச்சா உள்ள குடல் அசையறது, இதயக்குழாய் துடிக்கறது எல்லாம் தெரியும். வால்பக்கம் மூச்சுக்குழாய் நீட்டிகிட்டு இருந்தா க்யூலெக்ஸ் இல்லன்னா ஏடிஸ், அதுங்க தண்ணில தலைகீழா தொங்கும். மூச்சுக்குழாயே இல்லாம தண்ணி மட்டத்துக்கு சமமா படுத்திருந்தா அனாஃபிலிஸ். எங்க வீட்டு பின்னாடி யாரும் தொடாத பழைய ஆட்டுக்கல் குழியிலருந்து எடுத்தது பூரா ஏடிஸ் புழு, டெங்கு கொசு. அனாஃபிலிஸ் வேணும்னா கிணத்துலயும் மூடாத மேல்நிலைத் தொட்டிலயும் தேடணும், சென்னை மாதிரி ஊர்ல மலேரியா பரப்பற ஸ்டீஃபன்ஸிங்கற அனாஃபிலிஸ் வகை அங்கதான் வளரும்.

கொசுவோட வயித்த எடுத்துப் பாக்கவும் முயற்சி பண்ணலாம், ஒரு சொட்டு உப்புத்தண்ணில கொசுவ வச்சு, வால்பக்கத்துல கடைசி ரெண்டு வளையத்த ஊசியால மெதுவா இழுத்தா குடலும் முட்டைப்பையும் சேந்து வெளிய வரும். இதுல குடலோட வடிவம், முட்டைங்க வரிசை தெளிவாவே தெரியுது. ராஸ் பாத்த அந்த 12 மைக்ரான் வட்டத்தையும் கருப்பு பொடியையும் இதுல எதிர்பாக்காதீங்க, பொடி ஒண்ணொண்ணும் ரெண்டு மைக்ரானுக்கும் சின்னது. எச்சில் சுரப்பிய பிரிச்சு எடுக்கறதுக்கு கை நல்லா பழகணும், பசங்களுக்கு வேணாம்.

எச்சில் சுரப்பின்னதும் கல்கத்தாவ சொல்லாம விட முடியாது. 1897 ஆகஸ்ட்ல அப்படி ஒரு விஷயத்த கண்டுபிடிச்ச ஆள, அடுத்த மாசமே ராஜபுதனத்துல (இப்ப ராஜஸ்தான்) கெர்வாராங்கற எடத்துக்கு மாத்திட்டாங்க, அங்க மலேரியா கேஸே கெடைக்கல. இத படிக்கறப்போ வயிறு எரியுது, ஒரு ஆராய்ச்சி கைகூடி வர்ற நேரத்துலயா டிரான்ஸ்ஃபர் போடுவாங்க. மேன்சன் லண்டன்லருந்து போராடி, 1898 பிப்ரவரில கல்கத்தாவுல ஒரு லேப் கெடச்சுது. அங்க மனுஷ நோயாளி சரியா கெடைக்காததால குருவிங்களுக்கு வர்ற மலேரியாவ எடுத்துகிட்டாரு. கொசு வயித்துல வளர்ற கிருமி வெடிச்சு, கொசு ஒடம்பு பூரா பரவி, ஜூலைல பாத்தா எச்சில் சுரப்பிக்குள்ள போயி உக்காந்திருக்கு. அந்த கொசுவ விட்டு நல்லா இருந்த குருவிங்கள கடிக்க வச்சாரு, குருவிங்களுக்கு மலேரியா வந்துச்சு. முழு வட்டமும் முடிஞ்சுது. கூடவே நின்னு கொசு புடிச்சு, குருவி புடிச்சு உழைச்சவரு முகமது பக்ஸ். அவர் பேரும் ஹுசைன் கான் பேரும் எங்க ட்ரெயினிங் புக்குல இல்ல, கட்டாயம் இருக்கணும்.

அதே வருஷக் கடைசில இத்தாலில கிராஸி, பிக்னாமி, பாஸ்தியனெல்லி மூணு பேரும் மனுஷ மலேரியா அனாஃபிலிஸ் வழியாத்தான் வருதுன்னு முழுசா காட்டினாங்க. ராஸுக்கும் கிராஸிக்கும் யாரு மொதல்லன்னு நடந்த சண்டை ரொம்ப அசிங்கம், 1902ல நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் போச்சு. என் அபிப்ராயம், ராஸுக்கு கொடுத்தது சரி, கிராஸிக்கு கொடுக்காதது சரியில்ல. கொசு இனத்த அடையாளம் கண்டு பேர் சொல்ற வேலைல கிராஸிதான் கெட்டிக்காரர், ராஸுக்கு அது தெரியாது, அவர் சும்மா புள்ளி றெக்கைன்னுதான் எழுதிட்டு இருந்தாரு.

வாங்கறவங்களுக்கு சில விஷயம். லைட்டு உள்ள கிட்டா பாத்து வாங்குங்க, ஜன்னல் வெளிச்சத்துல பாக்கலாம்தான், ஆனா சாயங்காலம் ஒண்ணும் தெரியாது. சூரியன நேரா பாத்து மட்டும் கண்ண வைக்கக்கூடாது, பசங்ககிட்ட இத ரெண்டு தடவ சொல்லுங்க. கண்ணாடி போடறவங்களுக்கு லென்ஸ்கிட்ட கண்ண கொண்டு போறது செரமம், காந்தம் வச்சு ஃபோன் கேமராவுல ஒட்டிட்டா அந்த பிரச்சனை இல்ல, நாலு பேரு சேந்து பாக்கலாம். கவர் ஸ்லிப்பும் கண்ணாடி சிலைடும் தனியா ஒரு பாக்கெட் வாங்கி வச்சுக்கங்க, லோக்கல் சயின்ஸ் எக்யூப்மென்ட் கடைல கொறச்ச வெலைக்கு கெடைக்கும். பசங்க ரத்தம் பாக்கணும்னு விரல்ல குத்திக்க விடாதீங்க, அதுவும் ஒரே ஊசிய ஃப்ரெண்ட்ஸ் கூட மாத்தி மாத்தி குத்தற விளையாட்டு வேணவே வேணாம். காலேஜ்ல எம்எல்டி (லேப் டெக்னீஷியன் படிப்பு) படிக்கற பசங்க இது போதும்னு நெனைக்காதீங்க, உங்களுக்கு ஆயில் இம்மெர்ஷன் உள்ள மைக்ரோஸ்கோப்ல கண்ணு பழகியே ஆகணும்.

இன்னொண்ணு, ராஸ் 1899ல இந்திய வேலைய விட்டு லிவர்பூல் ட்ராபிகல் மெடிசின் ஸ்கூலுக்கு போன பிறகு அவர் செஞ்சது பெரும்பாலும் எண்ணற வேலை, ஒழிக்கற வேலை. சியரா லியோன், சூயஸ் கால்வாய் பக்கம் இஸ்மாயிலியா, மொரீஷியஸ்னு போயி எங்க தண்ணி தேங்குது, எந்த கொசு எங்க வளருதுன்னு பாத்தாரு. சின்ன வயசுல பிடிச்ச கணக்கு அப்ப கை கொடுத்துச்சு. மலேரியாவ நிறுத்த எல்லா கொசுவையும் கொல்லத் தேவையில்ல, ஒரு அளவுக்கு கீழ கொறச்சாலே நோய் தானா அடங்கிடும்னு சமன்பாடு போட்டு காட்டினாரு. 1932ல சாகற வரைக்கும் இதையேதான் கத்திகிட்டு இருந்தாரு, கொசு பொறக்கற எடத்த பாருங்க, பாருங்கன்னு.

அதனால பாப்பாவுக்கு இப்ப ஒரு வேலை கொடுத்திருக்கேன், தெருவுல தண்ணி நிக்கற டயர், தொட்டி, ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரே, ஆட்டுக்கல் எல்லாத்துலருந்தும் புழு எடுத்து எதுல எந்த வகைன்னு நோட்டுல எழுதறா. கொசு ஒழிப்பு வேலை பாக்கற மஸ்தூர் அக்கா, அபேட் (கொசுப்புழு கொல்ற மருந்து) ஊத்த வர்றப்போ அந்த நோட்ட வாங்கிப் பாத்துட்டுதான் அடுத்த வீட்டுக்கு போறாங்க.